ஆணைக் கொன்று எடுக்கும் குஞ்சு: மிசிசிப்பி டெல்டாவின் கலப்பினக் கெளுத்தி

1966-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஸ்டுட்கார்ட் என்ற சிற்றூரிலிருந்த அரசு மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்திலிருந்து ஜூடிசே என்பவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சேனல் கெளுத்தி, நீலக் கெளுத்தி என்று அமெரிக்க நன்னீரில் இரண்டு கெளுத்தி இனங்கள் உண்டு; முன்னதன் பெண்ணையும் பின்னதன் ஆணையும் கலந்தால் பிறக்கும் குஞ்சு, தாய் இனத்தையும் தகப்பன் இனத்தையும் விட நன்றாக வளர்கிறது என்பதுதான் செய்தி. அப்படி ஒரு குஞ்சு இருப்பதாகக் கேள்விப்பட்ட எந்தப் பண்ணைக்காரரும் அடுத்த வருஷமே குளத்தில் விட ஆசைப்பட்டிருப்பார். ஆனால் அந்தக் குஞ்சு பண்ணைகளுக்குப் பெருமளவில் வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த நாற்பது ஆண்டு எங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. கலப்பினக் கெளுத்தியின் கதையை மரபியல் வெற்றியாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரபியல் வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. முடியாமல் கிடந்தது கல்யாண வேலை. அந்த இரண்டு மீன்களும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஊரும் மீனும்

மிசிசிப்பி டெல்டா என்றதும் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே, மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில் பரந்து கிடக்கும் தட்டையான வண்டல் சமவெளி அது. பரம்பரையாகப் பருத்தி விளைந்த பூமி. களிமண் கலந்த தரை என்பதால் தண்ணீர் நிற்கும். கொஞ்சம் தோண்டினால் நிலத்தடி நீர் கிடைக்கும். 1960-களின் நடுவில் சிலர் வயலைச் சுற்றிக் கரை கட்டித் தண்ணீர் நிறைத்துக் கெளுத்தி விட்டார்கள். அங்கிருந்து தொழில் பெருகியது. பெல்சோனி என்ற ஊர் தன்னை உலகக் கெளுத்தித் தலைநகர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் போனது. 1987-இல் அதிபர் ரீகன் ஜூன் 25-ஐ தேசியக் கெளுத்தி நாள் என்று பிரகடனமே செய்தார்.

2003-இல் தொழில் உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டு நாடு முழுவதும் பதப்படுத்தும் ஆலைகளுக்கு வந்த மீன் சுமார் 66 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3 லட்சம் டன். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். வியட்நாமிலிருந்து பங்காசியஸ் என்ற வேறொரு கெளுத்தி வகையின் துண்டுகள் மலிவாக வந்து குவிந்தன. நம்மூர் ஹோட்டல்களில் 'பாசா' என்ற பெயரில் தட்டுக்கு வருவதும் பெரும்பாலும் அதே மீன்தான். அமெரிக்கர்கள் 2002-இல் ஒரு சட்டம் போட்டு, தங்கள் மண்ணின் கெளுத்திக் குடும்பத்தைச் சேராத எதையும் 'கேட்ஃபிஷ்' என்று விற்கக் கூடாது என்றார்கள். 2003-இல், அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்க, இறக்குமதிக்குக் குவிப்புத் தடுப்பு வரியும் போட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு மீன் வந்துகொண்டேதான் இருந்தது. அப்புறம் 2007, 2008-இல் மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏற, தீவனச் செலவு கழுத்தை நெரித்தது. பலர் குளத்தை வற்றவிட்டு மறுபடி சோயா விதைத்தார்கள். இந்த நெருக்கடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குளத்து முறை: பாதி வேலையை மீனே பார்த்துக்கொள்ளும்

கலப்பினம் ஏன் அவ்வளவு சிக்கல் என்று புரிய, சேனல் கெளுத்தி தன்பாட்டில் எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

இது பொந்தில் முட்டையிடும் மீன். ஆற்றில் என்றால் உளுத்துப்போன மரத்தின் உள்வெற்று, கரையோர வளை என ஏதாவது மறைவிடம் தேடும். ஆண் இடம் பிடித்துச் சுத்தம் செய்யும். பெண் வந்து, மஞ்சள் நிறத்தில் கூழ் போல ஒட்டிக்கொண்ட ஒரே கட்டியாக முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். போகாவிட்டால் ஆணே விரட்டிவிடும். அதன்பின் காவல் அப்பனுடையது. துடுப்பாலும் உடலாலும் விசிறி விசிறி முட்டைக்குப் புதுத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும்.

பண்ணைக்காரர்கள் பொந்துக்குப் பதிலாகப் பழைய பால் கேன், ராணுவத் தோட்டாப் பெட்டி, பிளாஸ்டிக் டப்பா என்று கிடைத்ததைக் குளத்தோரம் ஆழம் குறைந்த இடத்தில் போட்டு வைப்பார்கள். தண்ணீர் 24 டிகிரியைத் தாண்டி நிலையாக நின்றால், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ முட்டை விழ ஆரம்பிக்கும். நடுவில் ஒரு குளிர்காற்று வந்து தண்ணீர் ஆறிப்போனால் மொத்தமும் நின்றுபோகும். மறுபடி சூடேறினால் தொடரும். இன்னொன்று: குளிர்காலத்தில் சில வாரங்களாவது நல்ல குளிர் பட்டால்தான் பெண் மீனின் சினை ஒழுங்காக முதிரும்.

இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆட்கள் இறங்கி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள். உள்ளே ஆண் இருந்தால் கடிக்கும், அதுவும் சும்மா இல்லை. முட்டைக் கட்டி கையில் தட்டுப்பட்டால் அலுங்காமல் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நீளத் தொட்டியில் கம்பிவலைக் கூடைகளில் கட்டிகளை வைத்தால், மேலே மோட்டாரில் சுழலும் தட்டைத் துடுப்புகள் தண்ணீரை அசைத்துக்கொண்டே இருக்கும். அப்பன் மீன் விசிறிய வேலையை இப்போது அந்தத் தகடுகள் செய்கின்றன. 26, 27 டிகிரியில் ஐந்தாறு நாளில் பொரிந்து, வயிற்றில் மஞ்சள் கருப் பையோடு இளஞ்சிவப்பாக ஒரு மூலையில் குவியலாகக் கிடக்கும் குஞ்சு, மூன்று நான்கு நாளில் கறுத்து மேலே நீந்தி வந்து தீவனம் கேட்கும்.

இந்த முறையில் ஒரு கிலோ பெண்ணுக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் முட்டை வரை கிடைக்கும். நம்மூர் ரோகு, கட்லா லட்சக்கணக்கில் இடுவதோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான். ஆனால் முட்டை பெரிது, குஞ்சும் தடிமன், காவல் காக்க அப்பன் உண்டு. ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், எந்தப் பெண் எப்போது தயார் என்று யாரும் கணிக்க வேண்டாம். மலிவாக, பிசகில்லாமல் நடந்த முறை. கலப்பினத்துக்குப் பெரிய எதிரி இந்தச் சௌகரியம்தான் என்பேன்.

ஏன் அந்தக் கலப்பின்மேல் அவ்வளவு ஆசை?

கலப்பினம் வேகமாக வளரும். ஒரே குளத்து மீன்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும். தின்ற தீவனத்தை நன்றாக உடம்பில் சேர்க்கும். ஆக்சிஜன் குறைந்த விடியற்காலையைத் தாங்கும். கெளுத்திப் பண்ணைகளைப் படாதபாடு படுத்திய, எட்வர்ட்சியெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் குடல் நோயில் சாவு குறைவு. செவுளைப் பதம் பார்க்கும் ஒட்டுண்ணி நோயையும் கூடுதலாகத் தாங்கும். தலை சிறிது என்பதால் ஆலையில் சதைத் துண்டு அதிகம் தேறும். சேனல் கெளுத்தி சேற்றில் புதைந்து வலையை ஏமாற்றுவதில் கெட்டிக்காரன்; இதுவோ முதல் இழுவையிலேயே பெரும்பகுதி வந்துவிடும்.

தகப்பனும் தாயும் இடம் மாறினால், அதாவது பெண் நீலமும் ஆண் சேனலும் சேர்ந்தால், இந்தச் சிறப்பெல்லாம் வருவதில்லை. இரண்டு இனத்துக்கும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதான், 58. எனவே கலப்புக் குஞ்சு முழு மலடும் இல்லை. ஆனாலும் குளத்தில் அது தானாகப் பெருகுவது அபூர்வம். பெருகினாலும் அடுத்த தலைமுறைக்கு அந்த வீரியம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் புதிதாக, அசல் பெண் சேனலையும் அசல் ஆண் நீலத்தையும் வைத்தே ஆரம்பிக்க வேண்டும். ஒரு தடவை கலந்துவிட்டு உட்கார முடியாது.

சேர மறுத்த ஜோடி

இரண்டையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். தனித்தனி அடைப்பில் ஜோடி ஜோடியாகப் போட்டுப் பார்த்தார்கள். பெண்ணுக்கு ஊசி போட்டு ஆணோடு விட்டும் பார்த்தார்கள். எப்போதாவது ஒரு கட்டி முட்டை கிடைத்தது. அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்மிதர்மனும் பிறகு ரெக்ஸ் டன்ஹமும் பல்லாண்டுகள் இந்தக் கேள்வியைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். மீன்களைச் சம்மதிக்க வைக்கும் வழி கிடைக்கவில்லை. கடைசியில் மீனின் சம்மதமே தேவைப்படாத ஒரு வழிக்கு வந்தார்கள்: பெண்ணிடமிருந்து முட்டையைக் கையால் பீய்ச்சி எடுப்பது, ஆணின் விந்துச் சுரப்பியை அறுத்து எடுப்பது, இரண்டையும் பாத்திரத்தில் கலப்பது.

இதன் அடிப்படை ஒன்றும் புதிதில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு மீனை முட்டையிட வைப்பதை 1930-களில் பிரேசிலில் செய்துகாட்டினார்கள். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி நம் கெண்டை இனங்களில் அதைச் சாதித்தார். இந்தியாவில் அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். டெல்டாவின் பொரிப்பகங்களும் கெண்டையின் பிட்யூட்டரிப் பொடியைத்தான் பயன்படுத்தின. அல்லது மீனின் சொந்த பிட்யூட்டரியைத் தூண்டும் செயற்கை ஹார்மோனைப் போட்டன. ஊசி கைவசம் இருந்தும் வேலை நகராததற்குக் காரணம், ஊசிக்குப் பிறகு வரும் சில்லறைக் காரியங்கள். அவற்றைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

பொரிப்பகத்தில் ஒன்றரை நாள்

காலையில் தாய்க் குளத்தில் வலை இழுத்துப் பெண் மீன்களைப் பொறுக்குவார்கள். தேர்வு முழுக்கக் கையில்தான் இருக்கிறது. வயிறு பருத்து, அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். வெறும் தீனி வயிறும் பருத்துத்தான் இருக்கும். பழகிய விரலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். அந்த நாளின் விளைச்சலில் பெரும்பங்கு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. சினை முதிராத பெண்ணுக்கு எத்தனை ஊசி போட்டாலும் காரியம் ஆகாது.

தேர்ந்த பெண் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு மெல்லிய வலைப்பைக்குள் போட்டு, ஓடும் தண்ணீர்த் தொட்டியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். இந்த வலைப்பை ரொம்ப சாதாரணமான பொருள். ஆனால் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவற்றில் இதற்கு முக்கிய இடம் கொடுப்பேன். மீன் அலைமோதிக் காயம் படாது, ஒன்றையொன்று கடிக்காது, பிடிக்க அவதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், எந்த மீன் தயார் என்று பையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஹார்மோனில் சிறு பங்கை முதல் ஊசியாகவும், சுமார் 12 மணி நேரம் கழித்து மீதியையும் போடுவார்கள். தண்ணீர் 26, 27 டிகிரியில் இருந்தால், முதல் ஊசியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை கழன்று வர ஆரம்பிக்கும். எந்த மீனுக்கு எந்த மணி என்று யாராலும் சொல்ல முடியாது. இரவு பகலாக ஒருவர் பைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பையின் அடியில் நாலைந்து மஞ்சள் முட்டை ஒட்டியிருந்தால் அந்த மீனின் நேரம் வந்துவிட்டது. அவசரப்பட்டுப் பீய்ச்சினால் முட்டை வராது, வந்தாலும் ரத்தம் கலந்து கட்டி கட்டியாக வரும். விட்டுவிட்டாலோ வயிற்றுக்குள்ளேயே முட்டை பழுத்துக் கெட்டுப்போகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கருப்பிடிக்காது.

நேரம் வந்த மீனை மயக்க மருந்துத் தண்ணீரில் அடக்கி, துணியால் ஈரம் போகத் துடைப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் முட்டையில் பட்டாலும் அது உப்ப ஆரம்பித்து, விந்தணு நுழையும் துளை அடைபட்டுவிடும். அப்புறம் வயிற்றைத் தலைப் பக்கமிருந்து வால் பக்கமாக மெல்ல நீவ, முட்டை ஒரு தட்டில் சரிந்து விழும். அந்தத் தட்டில் சமையல் வனஸ்பதி தடவியிருக்கும். கெளுத்தி முட்டை தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் ரகம். தடவாத தட்டில் விழுந்தால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

விந்துக் கரைசலை ஊற்றிக் கலந்து, பிறகு தண்ணீர் விடுவார்கள். உப்புக் கரைசலில் அசையாமல் கிடக்கும் விந்தணு, நல்ல தண்ணீர் பட்டதும் உயிர்பெற்று ஓடும். அந்த ஓட்டம் ஒரு நிமிஷம் நீடித்தாலே அதிகம். அதற்குள் துளையைக் கண்டுபிடித்தால் கரு, இல்லையேல் வீண். அடுத்து முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க முல்தானி மட்டியைத் தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பார்கள். ஆமாம், நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் அதே மண். முட்டை உதிரி உதிரியாக நின்றால் உள்ளிருக்கும் முட்டைக்கும் ஆக்சிஜன் போகும், பூஞ்சை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் குறையும்.

இவ்வளவு செய்தும், இயற்கையாகக் குளத்தில் விழுந்த கட்டியின் பொரிப்பு விகிதம் இங்கே வருவதில்லை. ஒரே தொட்டியில் தொங்கிய இரண்டு மீன்களில் ஒன்றின் முட்டை நன்றாகப் பொரியும், மற்றது பாதிகூடத் தேறாது. கலப்பினக் குஞ்சின் விலை சாதாரணக் குஞ்சைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

அப்பனின் கணக்கு

பெண் மீன் பிழைத்துக்கொள்ளும். குளத்துக்குத் திரும்பிப்போய் அடுத்த ஆண்டும் சினை பிடிக்கலாம். ஆணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கெண்டையிலோ பங்காசியஸிலோ ஆணின் வயிற்றை அழுத்தினால் பால் போல விந்து வரும். சேனல், நீலக் கெளுத்திகளில் வராது. சுரப்பி கைவிரல்கள்போல் பிரிந்து பிரிந்து உள்ளே முதுகோரமாக ஒட்டிக்கிடக்கும். அழுத்தினால் வெளிவரும் அமைப்பே இல்லை. எனவே மீனைக் கொன்று, வயிற்றைத் திறந்து, சுரப்பியை எடுத்து, ரத்தத்தை நீக்கி, நசுக்கி, வலையில் வடிகட்டி உப்புக் கரைசலில் சேர்க்க வேண்டும். குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும்.

நீலக் கெளுத்தி ஆண் பருவத்துக்கு வர நான்கு முதல் ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை பல கிலோ எடைக்கு அதைத் தீனி போட்டு வளர்க்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பில் சுரப்பியின் எடை ஒரு சதவீதம்கூட வராது. வெளியே தலை பெருத்து, தோள் திரண்டு, கறுத்துப் போய் ஜம்மென்று இருக்கும் ஆணை அறுத்துப் பார்த்தால் உள்ளே நூல் மாதிரி ஒன்று கிடப்பதும் உண்டு. அறுத்த பின்னால்தான் தெரியும். ஒரு நல்ல ஆணின் விந்து பல பெண்களின் முட்டைக்குப் போதும் என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆகவே, ஒரு முட்டைக்குக் குறைந்தபட்சம் எத்தனை விந்தணு போதும் என்ற ஆராய்ச்சி இங்கே நேரடியாகக் காசு விஷயம். அளவைப் பாதியாகக் குறைத்தால் கொல்லப்படும் ஆண்களும் பாதியாகும்.

இந்தப் பிரச்சினை நமக்கும் அந்நியமில்லை. நம் நாட்டுக் கெளுத்தியான மாகூரின் ஆணிடமும் விந்தைப் பீய்ச்ச முடியாது. செயற்கை இனப்பெருக்கம் செய்யும் இடங்களில் ஆணை அறுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியில், வயிற்றைக் கீறிச் சுரப்பியில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தைத்துவிடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. (அந்த மீனை வளர்க்க இந்தியாவில் தடை உண்டு, தமிழ்நாட்டிலும் அவ்வப்போது குட்டைகளில் பிடித்து அழிக்கிறார்கள்.)

அப்படியானால் இத்தனை நாள் கழித்து ஏன் நடந்தது?

வலைப்பை, வனஸ்பதித் தட்டு, முல்தானி மட்டி, இரண்டு தவணை ஊசி என எதுவுமே பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஒவ்வொன்றும் பொரிப்பு விகிதத்தைச் சில புள்ளிகள் உயர்த்தியது. ஆபர்னிலும், மிசிசிப்பியின் ஸ்டோன்வில் ஆய்வு மையத்திலும் இவற்றை ஒன்றாகக் கோத்துப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒரு பாதி.

மறுபாதி அந்த நெருக்கடி. தொழில் கொழித்த காலத்தில் டப்பாவில் கைவிட்டால் முட்டை கிடைத்தது. விற்ற மீனில் லாபம் இருந்தது. அப்போது இவ்வளவு கூலியும் தலைவலியும் கொண்ட குஞ்சை யார் வாங்குவார்? தீவனம் விலையேறி, இறக்குமதி மீன் விலையை அமுக்கிய பிறகு, ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு தீவனம் என்பதே பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்வியானது. அப்போது கூடுதல் விலை கொடுத்தாவது கலப்பினக் குஞ்சு வாங்குவதில் அர்த்தம் இருந்தது. குளத்தைக் குறுக்கே பிரித்துச் சிறு பகுதியில் மட்டும் மீனை நெருக்கமாக வைத்து வளர்ப்பதும், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களைக் கூட்டுவதும் அதே சமயத்தில் பரவின. அந்த முறைகளுக்குக் கலப்பினம்தான் தோதான மீன். மோசமான பத்தாண்டு இல்லாதிருந்தால் இந்த மீன் இன்னும் ஆய்வு நிலையத் தொட்டிகளில்தான் நீந்திக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. இன்றோ அமெரிக்காவில் அறுவடையாகும் வளர்ப்புக் கெளுத்தியில் பாதிக்கு மேல் கலப்பினம்.

வந்த இடத்தில் அதுவும் வேறு தொல்லைகளைக் கொண்டுவந்தது. வேகமாக வளர்கிறதே, ஆலைக்காரர் கேட்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. பெருத்த மீனுக்கு விலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே சரியான வாரத்தில் வலை போடாவிட்டால் வேகமே நஷ்டமாகும். 2009 வாக்கில் அலபாமாவில் தலைகாட்டிய வீரியமிக்க ஏரோமோனஸ் பாக்டீரியா நோய், கலப்பினக் குளங்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆணைக் கொல்லாமல் முடியுமா?

இரண்டு வழிகளில் வேலை நடக்கிறது. ஒன்று, காளை விந்தை உறையவைப்பதுபோல நீலக் கெளுத்தி விந்தைச் சிறு குழல்களில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் வைப்பது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெர்ரி டியர்ஷின் குழு, மாட்டு விந்துக்கென்றே செய்த தானியங்கி இயந்திரங்களைக் கெளுத்திக்குப் பழக்கியது. இதிலும் ஆண் சாகத்தான் வேண்டும். ஆனால் பருவம் தவறிய காலத்தில் அறுத்து வீணாக்க வேண்டாம். நல்ல ஆண் ஒன்றின் விந்தைப் பல பருவங்களுக்குப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

மற்றது ஆபர்னில் நடப்பது. மலடாக்கிய சேனல் கெளுத்தியின் உடலில் நீலக் கெளுத்தியின் இனவணு மூலச் செல்களை, அதாவது பின்னாளில் விந்தை உண்டாக்கும் செல்களை, செலுத்துகிறார்கள். வளர்ந்ததும் அந்த ஆண் பார்வைக்குச் சேனல், நடத்தையில் சேனல். விந்து மட்டும் நீலத்தினுடையது. சேனல் பெண் அதைத் தன் இனமென்றே ஏற்றுக்கொள்ளும். பழையபடி குளத்தில் டப்பாவைப் போட்டு வைத்தால் போதும், உள்ளே விழும் கட்டி முழுக்கக் கலப்பினமாக இருக்கும். இப்படிக் கலப்பினக் குஞ்சு எடுத்தும் காட்டிவிட்டார்கள். ஆனால் செல்களை ஒவ்வொரு குஞ்சாக எடுத்து நுண்ணூசியால் செலுத்த வேண்டும். செலுத்தியதில் சிலவற்றில்தான் அவை நிலைக்கின்றன. பண்ணை அளவுக்கு அது வரும்வரை, டெல்டாவில் ஒரு பொரிப்பகம் நடத்துபவர் ஆறு வருஷம் கழித்து அறுக்கப்போகும் ஆண்களுக்காக நீலக் கெளுத்திக் குஞ்சுகளை இந்த வருஷமே ஒதுக்கி வைத்துத் தீனி போட ஆரம்பித்தாக வேண்டும்.